இடைவேளைச் சீட்டு

என் ஆசை அண்ணனுக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கக்கூடாது, தெரியும். ஆனாலும் கை அப்படித்தான் எழுத வருகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஆண்டுத் திதி. அண்ணி சுங்கை செம்பிலாங் ஊர் மீன்காரரிடம் நண்டுக்குச் சொல்லி வைத்துவிட்டார். டயாலிசிஸ் ஆரம்பித்த நாளிலிருந்து உங்கள் கண்ணில் காட்டாத உப்பையும் புளியையும் அன்றைக்குச் சேர்த்துப் போட்டுக் குழம்பு வைத்துப் படைக்கப் போகிறாராம். "இனிமே எந்த டாக்டர் வந்து கேக்கப் போறாரு" என்கிறார்.

உங்கள் லோரியை இப்போது வேறு ஒருவர் ஓட்டுகிறார். போன வாரம் ஈஜோக் ரோட்டில் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு என் காரைக் கடந்து போனது. நீங்களாக இருந்தால் மூன்று தடவை ஹார்ன் அடித்திருப்பீர்கள். அந்த மனிதர் என்னை ஏன் கவனிக்கப் போகிறார்?

சுற்றி வளைக்கிறேன், இல்லையா? உங்களிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். குற்றம் என்றதும் நீங்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள் என்று தெரியும். அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு ருசி உங்களுக்கு. நமக்கு என்றே சொல்லலாம்.

நம்ம ஆளு. அப்படித்தான் அவரைச் சொல்வோம், பெயர் சொன்னதே கிடையாது. தோட்டத்து மண்டபத்தில் எல்லோரும் பாய் விரித்து வீடியோ பார்த்த காலத்தில் அவர் கதாநாயகன். நாம் வளர்ந்தோம், நீங்கள் ஈஜோக் தாமான் குடியிருப்பில் வீடு வாங்கினீர்கள், நான் கல்யாணமாகி ரவாங்குக்குப் போனேன். அதற்குள் அவர் இயக்குநராகிவிட்டார். தானே எழுதி, தானே இயக்கி, தானே நடித்து, எழுபதைத் தாண்டியும் உட்கார மாட்டேன் என்கிறார். அவர் கொலைப் படம் எடுத்தால் முதல் வாரமே ரவாங் தியேட்டரில் நம் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. அண்ணி வர மாட்டார். "கொலையப் போயி உக்காந்து ரசிக்கிறீங்களே, அண்ணனும் தங்கச்சியும்" என்று தலையில் அடித்துக்கொள்வார்.

நம் ஆட்டத்தை வெளியில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. இடைவேளையில் விளக்கு எரிந்ததும் கொலைகாரன் யார் என்று டிக்கெட்டின் பின்னால் எழுதி, மடித்து, மாற்றிக்கொள்வோம். உங்கள் சீட்டு என் கைப்பையில், என் சீட்டு உங்கள் சட்டைப் பையில். படம் முடிந்த பிறகுதான் திறக்கலாம். தோற்றவர் ஜெயித்தவரை ஒரு வாரம் முழுக்க 'இன்ஸ்பெக்டர் ஐயா' என்று கூப்பிட வேண்டும், எதிரில் யார் இருந்தாலும். ஒருமுறை நீங்கள் செம்பனை மில்லில் லோரி வரிசையில் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்து, "சொல்லுங்க இன்ஸ்பெக்டர் ஐயா" என்று சத்தமாகப் பேசியதில், முன்னால் நின்ற லோரிக்காரர்கள் அவசரமாக சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டார்களாமே.

பெரும்பாலும் தோற்றது நீங்கள்தான். உங்களுக்கு ஒரே ஒரு கணக்கு. "முதல் சீன்ல எவன் டீ வாங்கிக் குடுக்கிறானோ அவன்தான் பாப்பா. நல்லவன அவ்வளவு நேரம் எதுக்குக் காட்டணும்?" எத்தனை படத்தில் அந்தக் கணக்கு உங்களைக் கவிழ்த்தது! ஆனாலும் விட மாட்டீர்கள்.

எனக்கு ரத்தம் ஆகாது. கொலைப் படம் பிடிக்கும், கொலையைப் பார்க்க முடியாது. சங்கீதம் மாறினாலே கைப்பையைத் தூக்கி முகத்தை மூடிக்கொள்வேன். காட்சி போனதும் நீங்கள் என் விரல் முட்டியில் இரண்டு தட்டு தட்டுவீர்கள். திறக்கலாம் என்று அர்த்தம். ஐம்பதைத் தொடப்போகும் பெண்ணுக்கு இந்தக் கூத்து. என்னை இந்த வயதிலும் பாப்பா என்று கூப்பிட்டதால் வந்த கெட்ட பழக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய கடைசிப் படம் வந்தபோது உங்களுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல். இரண்டு வாரத்துக்குக் கூட்டத்துக்குள் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டயாலிசிஸ் கட்டிலில் படுத்தபடியே அந்த முன்னோட்டத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தீர்கள். பக்கத்துக் கட்டிலில், பக்சிக் என்று நாம் கூப்பிட்ட மலாய்க்காரப் பெரியவருக்குக்கூட வசனம் மனப்பாடம் ஆகிவிட்டது.

"ரெண்டு வாரம்தானே, தேறிருவேன். நீ மட்டும் தனியா போயி பாத்துடாத. சத்தியம் பண்ணு பாப்பா."

"பாக்க மாட்டேண்ணே. சத்தியமா."

ஊசி போடும் உங்கள் இடது கையில்தான் அடித்துச் சொன்னேன். டயாலிசிஸுக்காக ரத்தக் குழாயை இணைத்திருந்த அந்தக் கையில் தோலுக்கடியில் எப்போதும் ஓர் அதிர்வு ஓடிக்கொண்டிருக்குமே, அது என் உள்ளங்கையில் ஏறியது. இன்னும் அது நினைவிருக்கிறது.

மூன்றாம் நாள் போய்விட்டேன் அண்ணே.

வேலை முடிந்து தொழிற்சாலை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கூட வேலை செய்யும் பெண்கள் நாலு பேர் காரில் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். "வா லா அக்கா, ஒருத்தி வரல, டிக்கெட் ஒண்ணு சும்மாதான் இருக்கு" என்றார்கள். அண்ணனோடுதான் பார்க்க வேண்டும் என்றேன். "அண்ணன்கூட இன்னொரு தடவ பாருங்க, யாரு வேணாம்னா?" என்றாள் ஒருத்தி. எனக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. அண்ணிக்குப் போன் செய்து, ஓவர்டைம் இருக்கிறது, அண்ணனைப் பார்க்க நாளைக்கு வருகிறேன் என்று சொன்னேன். எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா அந்தப் பொய்?

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். படம் பிரமாதம். நம்ம ஆளு ஓய்வுபெற்ற போலீஸ்காரராக வருகிறார், வெள்ளைத் தாடி, முட்டிவலி, தினமும் காலையில் மருந்துக்கடைக்குப் போய்த் தைலம் வாங்குகிறார். ஒரு துரத்தல் காட்சி இருக்கிறது பாருங்கள். அவரால் ஓட முடியாது, துரத்தப்படுகிற கிழவராலும் ஓட முடியாது. இரண்டு பேரும் சந்தைக்குள் நடக்கிறார்கள். நடந்தே துரத்தல்! தியேட்டரில் ஒருவரும் மூச்சு விடவில்லை. அவர் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு முட்டியைத் தடவிவிட்டு மறுபடியும் நடக்க ஆரம்பித்ததும் நான் எழுந்து நின்று கைதட்டினேன். விசிலும் அடித்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னப் பெண் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

அந்தச் சந்தோஷத்தில் நான் உங்களை நினைக்கவே இல்லை. இதுதான் என்னை அறுக்கிறது. உங்களுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அதே பொழுதில் நான் சோளப்பொரியைக் கொறித்துக்கொண்டு, அடுத்து என்ன, அடுத்து என்ன என்று இருக்கை நுனியில் இருந்தேன். ஒரே ஒரு தடவைதான் நினைத்தேன். ஒரு பெண் சமையலறையில் பாட்டுக் கேட்டுக்கொண்டே பிரிட்ஜைத் திறப்பாள். உள்ளே இருப்பதைப் பார்த்ததும் அலறிக் கைப்பையால் முகத்தை மூடினேன். மூடியவள் மூடியபடியே இருந்தேன். தட்ட யாரும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, தூங்கிட்டீங்களா?" என்று கேட்டாள் பக்கத்துப் பெண்.

மறுநாள் உங்களைப் பார்க்க வந்தபோது, "பாத்துட்டியா?" என்று நீங்கள் கேட்கவே இல்லை. சத்தியம் வாங்கியாயிற்று, பிறகு எதற்குக் கேட்க வேண்டும் என்று இருந்திருப்பீர்கள். கேட்டிருந்தால் உளறியிருப்பேனோ என்னவோ.

இரண்டு வாரம் நான்காயிற்று. படம் தியேட்டரை விட்டுப் போனது, வேண்டும்போது போட்டுப் பார்க்கிற மாதிரி டிவியில் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்கள் ஹாலில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்து, தியேட்டர் மாதிரி செய்தீர்கள். முதல் காட்சியில் மருந்துக்கடைக்காரர் நம்ம ஆளுக்கு டீ வாங்கிக் கொடுத்தாரோ இல்லையோ, "பாத்தியா, டீ! பாத்தியா!" என்று என் தோளை இடித்தீர்கள். "எல்லாப் படத்துலயும் இதையே சொல்லுங்க" என்றேன். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பிரிட்ஜ் காட்சி வந்தது. கைப்பை இல்லாததால் சோபாத் தலையணையால் முகத்தை மூடிக்கொண்டேன். காட்சி போயிருக்கும் என்று நினைத்தும் உங்கள் விரல் வரவில்லை. நானே தலையணையை இறக்கிப் பார்த்தபோது நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்தீர்கள். களைத்துவிட்டீர்கள் என்று நினைத்தேன்.

திரையில் 'இடைவேளை' என்று வந்ததும் நிறுத்தினீர்கள். டிக்கெட் இல்லையே, அதனால் நாள்காட்டியில் இரண்டு தாள்களைக் கிழித்தீர்கள். நான் என் தாளில் 'வேலைக்காரப் பெண்' என்று எழுதினேன். தப்பு என்று தெரிந்தே எழுதினேன். தோற்றுக் காட்டிவிட்டால் சந்தேகம் வராது என்று ஒரு கெட்டிக்காரத்தனம். நீங்கள் வழக்கத்தைவிட அதிக நேரம் எழுதினீர்கள். மடித்துக் கொடுத்துவிட்டு, "முதுகு வலிக்குது பாப்பா, மிச்சத்த அடுத்த வாரம் பாப்போம்" என்றீர்கள்.

அடுத்த வாரம் நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள்.

அன்றைக்கு அண்ணி உங்கள் காலடியில் உட்கார்ந்து மைலோ ஆற்றிக்கொண்டிருந்தார். மூக்கில் குழாய். நீங்கள் என்னைப் பக்கத்தில் வரச் சொல்லிக் கேட்டீர்கள்.

"பாப்பா, அந்தப் படத்துல கொலைகாரன் யாருன்னு உனக்குத் தெரியுமா?"

ஒரு வார்த்தை அண்ணே. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாய்வரை வந்தது. சொன்னால் பார்த்ததும் தெரிந்துவிடுமே என்று விழுங்கிவிட்டேன்.

"எனக்கு எப்படிண்ணே தெரியும்? வீட்டுக்கு வாங்க, ஒண்ணா பாப்போம்."

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். பிறகு சிரித்தீர்கள். "சரி லா" என்றீர்கள். இரண்டு நாள் கழித்து நீங்கள் இல்லை. கொலைகாரன் யார் என்று தெரியாமலே என் அண்ணன் போய்விட்டார், தெரிந்த நான் பக்கத்தில் நின்றேன் என்ற நினைப்போடுதான் இந்த ஒரு வருஷமும் எழுந்தேன், படுத்தேன்.

உங்கள் சீட்டை நான் திறக்கவில்லை. படம் முடியாமல் திறக்கக்கூடாது என்பதுதானே விதி என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் பயம். சரியான பெயரை எழுதியிருந்தாலும் என்னால் தாங்க முடியாது, தப்பான பெயரை எழுதியிருந்தாலும் தாங்க முடியாது. கைப்பையின் உள்பையில் ஜிப் போட்டு வைத்திருந்தேன். மூன்று தடவை கைப்பை மாற்றினேன், சீட்டும் கூடவே மாறியது.

துக்க வருஷம் என்று அண்ணி டிவிமேல் உங்கள் வெள்ளை வேட்டியைப் போட்டு மூடியிருந்தார். தீபாவளிக்கும் பலகாரம் இல்லை, டிவியும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை, திதிக்கு வீடு கழுவ நானும் போயிருந்தேன். அண்ணி வேட்டியைத் துவைக்க எடுத்தார். எடுத்த கையோடு டிவி இன்னும் வேலை செய்கிறதா என்று போட்டுப் பார்த்தார். பாதி பார்த்து விட்ட படங்களின் வரிசையில் முதலிலேயே நம்ம ஆளு நின்றார். அவர் காலடியில் ஒரு சிவப்புக் கோடு, பாதி தூரம் வந்து நின்றிருந்தது.

"இது உங்கண்ணன் பாத்ததுதானே? ஏன் பாதியில நிக்குது?" என்று கேட்டார்.

"பாதிதான் அண்ணி பாத்தோம்."

அண்ணி அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். "அவருக்குப் பிடிச்சதெல்லாம் படைக்கப் போறோம். இதையும் முடிச்சுப் படைச்சிருவோம். உக்காரு" என்றார். உங்கள் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, மாலையோடு, டிவிக்கு நேராக நாற்காலியில் வைத்தார். கொலைப் படமென்றால் எழுந்து போகிறவர், உங்கள் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

நான் அழுவேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த மனிதர் சந்தையில் நடக்க ஆரம்பித்ததும் எல்லாம் மறந்துபோனது அண்ணே. மறுபடியும் இருக்கை நுனிக்கு வந்துவிட்டேன். அவர் தூணைப் பிடித்து முட்டியைத் தடவியதும் மறுபடியும் கைதட்டினேன். தட்டிய பிறகுதான் நாற்காலியில் மாலையோடு நீங்கள் இருப்பது கண்ணில் பட்டது. கை அப்படியே நின்றது. செத்துப்போன அண்ணன் முன்னால் ரசித்துக் கைதட்டுகிற தங்கை எங்கேயாவது உண்டா?

படம் முடிந்தது. அண்ணி எழுந்து அலமாரியிலிருந்து உங்கள் கண்ணாடிக் கூட்டை எடுத்து வந்தார். உள்ளே என் சீட்டு இருந்தது. "சட்டைய தொவைக்கிறப்ப கெடைச்சுது. உங்க விதி எனக்கும் தெரியும். அவரோடது எங்க?" என்றார்.

கைப்பையைத் திறந்து கொடுத்தேன். அண்ணி முதலில் என் சீட்டைப் பிரித்தார். "வேலைக்காரப் பொண்ணா? தப்பு" என்றார். பிறகு உங்கள் சீட்டைப் பிரித்து, எழுத்துக்கூட்டிச் சத்தமாகவே படித்தார்.

'கொலைகாரன் அந்த டீ வாங்கிக் குடுத்தவன். அது கெடக்கட்டும். பெரிய குற்றவாளி என் தங்கச்சி. இவ படத்த ஏற்கெனவே பாத்துட்டா. சாட்சி: அந்தப் பொண்ணு பிரிட்ஜ தொறக்குறதுக்கு முன்னாடியே இவ கண்ண மூடிட்டா.'

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, "கள்ளன் உங்கண்ணன், கள்ளன்" என்று சிரித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் காட்சியில் சங்கீதம்கூட மாறாது. அவள் பாட்டுக் கேட்டுக்கொண்டு நடந்து வருகிறாள், நான் அதற்குள் தலையணையைத் தூக்கிவிட்டேன். நீங்கள் களைத்துப்போய் உட்கார்ந்திருக்கவில்லை. திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அண்ணியின் சிரிப்பு நின்றது. மைலோ ஆற்றிக்கொண்டிருந்தவர் அல்லவா, அவருக்கும் அந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது.

"அப்படின்னா ஆஸ்பத்திரில, தெரிஞ்சேதான் உன்கிட்ட கேட்டாரா?"

ஓவர்டைம் என்று அன்றைக்குச் சொன்ன பொய்யை அண்ணியிடம் ஒப்புக்கொண்டேன். நீங்கள் படத்தின் முடிவைக் கேட்கவில்லை. நானே வாயைத் திறந்து, "ஆமாண்ணே, பாத்துட்டேன்" என்று சொல்ல ஒரு வாய்ப்புக் கொடுத்தீர்கள். சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். திட்டியிருப்பீர்கள், குழாயோடு சேர்ந்து மூக்கு விடைத்திருக்கும். நான் அதையும் உங்களுக்குக் கொடுக்கவில்லை. நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்துகொண்டே "சரி லா" என்றீர்களே, அது எப்படி முடிந்தது உங்களால்? கோபமே வரவில்லையா?

அண்ணி என்னைத் தேற்றவில்லை. கேட்டால் தேற்ற வேண்டிய அவசியமும் இல்லை என்பார். உங்கள் படத்தை மறுபடியும் சுவரில் மாட்டிவிட்டு, துணி காயப்போடப் போய்விட்டார். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தார். "வருஷ நினைவுக்குப் பேப்பர்ல எப்பவும் போடுவாங்கல்ல, கண்ணீர் அஞ்சலி அது இதுன்னு. இந்தத் தடவ நீயே எழுது. நடந்தத எழுது. ஓவர்டைம்னு எழுதிடாத" என்றார். அதனால்தான் ஊரே படிக்கிற இடத்தில் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் எல்லோரும் வருவார்கள். நண்டுக் குழம்பு படைத்து, சூடம் காட்டி, ஒவ்வொருவராகக் கும்பிடுவார்கள். என் முறை வரும்போது எல்லோர் முன்னாலும் சத்தமாக "இன்ஸ்பெக்டர் ஐயா" என்று கூப்பிடுவேன். அவர்கள் என்ன நினைத்தாலும் சரி. அன்றிலிருந்து ஏழு நாள் தினமும் வேலை முடிந்து ஈஜோக்குக்கு வந்து, உங்கள் படத்தின் முன்னால் நின்று அப்படியே கூப்பிடுவேன். இந்தத் தடவை சத்தியம் செய்யவில்லை. என் சத்தியத்துக்கு உங்களிடம் என்ன மதிப்பு என்று தெரியும். வந்து நிற்கிறேனா என்று பாருங்கள்.

ஆஸ்பத்திரியில் கேட்டீர்களே, அதற்குப் பதில் இதோ. ஆமாண்ணே, எனக்குத் தெரியும். உங்களுக்கு முன்னால் நான் பார்த்துவிட்டேன். கொலைகாரன் அந்த மருந்துக்கடைக்காரர்தான். முதல் சீன்ல டீ வாங்கிக் குடுத்தாரே, அவரேதான்.

உங்களிடம் பிடிபட்ட தங்கை,
பாப்பா